மைக்கேல் ஜாக்சன் இறந்த அன்று உங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

2009 ஜூன் 25, வியாழக்கிழமை. அப்போது எனக்கு லாஸ் ஏஞ்சல்ஸில், வெஸ்ட்வுட் பக்கம் வேலை. காலையில் ஆபீசில் எல்லாரும் நடிகை ஃபாரா ஃபாசெட் இறந்ததைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம், அதுவும் ஒன்றிரண்டு இல்லை. யூசிஎல்ஏ ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம்தான், மைக்கேல் ஜாக்சனை அங்கேதான் கொண்டுவந்திருந்தார்கள். கூகுள் நியூஸில் பெயரைத் தட்டினால் மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் வந்து நின்றது. அத்தனை பேர் ஒரே பெயரை ஒரே நேரத்தில் தேடியதை ஏதோ தாக்குதல் என்று கூகுள் நினைத்துவிட்டதாம், பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் ஹாலிவுட் புல்வார்டுக்குப் போனேன். பிரபலங்களின் பெயரை நட்சத்திரத்துக்குள் பதித்து வைத்திருக்கும் நடைபாதை அது, அவருடைய நட்சத்திரம் சைனீஸ் தியேட்டர் வாசலில் இருக்கிறது. அன்றைக்குப் பார்த்து அங்கே ஒரு படத்தின் பிரீமியர், நட்சத்திரத்தின் மேல் கார்ப்பெட், சுற்றிலும் தடுப்பு. ஜனம் என்ன செய்தது தெரியுமா? அதே தெருவில் இன்னொரு மைக்கேல் ஜாக்சனுக்கும் நட்சத்திரம் உண்டு, ரேடியோவில் பேசியவர், அப்போது உயிரோடு இருந்தார். அவருடைய நட்சத்திரத்தில் கொண்டுபோய்ப் பூ வைத்துவிட்டார்கள்! மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வயதான கறுப்பினப் பெண்மணியிடம், "அம்மா, இது அவர் இல்லை" என்று மெதுவாகச் சொன்னேன். "தெரியும். பேர் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தீக்குச்சியை உரசினார்.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். அழுத கதை மட்டும் வேண்டாம், திட்டியவர்கள் கதையும் வேண்டும்.

---

நான் லண்டன். ஓ2 அரங்கில் 50 கச்சேரி என்று அறிவித்திருந்தார்களே, ஜூலை 13 தொடக்கம், அதில் ஆகஸ்ட் மாதத்துக்கு இரண்டு டிக்கெட் வைத்திருந்தேன். முதலில் பத்து கச்சேரி என்றுதான் சொன்னார்கள், விற்கிற வேகத்தைப் பார்த்து ஐம்பதாக்கினார்கள். ஐம்பது வயது மனிதர் எப்படி இத்தனை ஆடுவார் என்று அப்போதே என் மனைவி கேட்டாள், நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

மறுநாள் ஆபீசில் காப்பி மெஷின் பக்கத்தில் சண்டை. ஒருவன் ஜோக் சொன்னான், குழந்தைகளை வைத்துச் சொல்கிற அந்த மாதிரி ஜோக். இன்னொருவன், 2005ல் சிறுவனிடம் தவறாக நடந்தார் என்ற வழக்கில் சாண்டா மரியா கோர்ட்டில் அத்தனை குற்றச்சாட்டிலும் குற்றவாளி இல்லை என்று ஜூரி சொன்னதே, உனக்கு இன்னும் என்ன வேண்டும் என்றான். "அப்போ முதல் பையன் வழக்குல எதுக்குக் கோடிக்கணக்குல பணம் குடுத்து முடிச்சாரு?" என்று அவன் திருப்பிக் கேட்க, இவன் முகம் சிவந்து கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு இரண்டு பேருமே நண்பர்கள். நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை, கோழைத்தனம்தான்.

பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பணத்தை விட்டுவிட்டு அச்சடித்த டிக்கெட்டை ஞாபகார்த்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த டிக்கெட்டைச் சாய்த்தால் படம் அசையும். நான் பணத்தை வாங்கிக்கொண்டேன். ஜோக் சொன்னானே, அவனும் டிக்கெட் வாங்கியிருக்கிறான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவன் பணத்தை வாங்கவில்லை. அந்தச் சீட்டு இன்றைக்கும் அவன் வீட்டு ஹாலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

---

நாங்கள் எல்லாம் சின்ன ஊர்க்காரர்கள், ஹாலிவுட் கதை இல்லை. எங்கள் ஊர் டான்ஸ் குழுவில் ஒரு அண்ணன், எல்லாருக்கும் அவர் "மைக்கேல்"தான், சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும். கோயில் கொடை வந்தால் லாரியைத் திறந்து மேடையாக்கி, கறுப்புத் தொப்பி, ஒரு கையில் மட்டும் வெள்ளை உறை, பலகையில் சோப்புத் தூளைத் தூவிக்கொண்டு பின்னால் வழுக்கி "மூன்வாக்" போவார். அவர் மைக்கேல் ஜாக்சனை டிவியில் பார்த்ததே மொத்தம் நாலைந்து தடவைதான் இருக்கும்.

விடியக்காலை ஐந்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினார். "தம்பி, தலைவர் போயிட்டாரு." நான் எந்தத் தலைவர் என்று பதறிவிட்டேன், ஊரில் கடையை மூடுவார்களோ என்றுதான் முதலில் தோன்றியது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் போனோம். தோற்றம் 29.8.1958 என்று போட்டாயிற்று. மறைவுக்கு என்ன போடுவது? அமெரிக்காவில் 25ந் தேதி மதியம் 2:26. நமக்கு அப்போது 26 பிறந்து மூன்று மணி ஆகப் போகிறது. செத்த இடத்துக் கணக்குதான் கணக்கு என்று அண்ணன். திதி பார்ப்பவர் இங்கே இருக்கிறார், இங்கத்துத் தேதிதான் என்று பிரஸ்காரர். யார் திதி கொடுக்கப் போகிறார்கள் என்று நான் கேட்டதற்கு இரண்டு பேரும் முறைத்தார்கள். டீக்கடையில் ஒருத்தர், "கறுப்பாப் பொறந்து வெள்ளையாச் செத்தவனுக்கு எதுக்குடா போஸ்டரு" என்றார். அண்ணன் அடிக்கவே போய்விட்டார்.

---

மேலே உள்ள டீக்கடை வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் வெண்புள்ளி வந்தது. முதலில் உதட்டோரம், அப்புறம் விரல் நுனிகள். பள்ளியில் எனக்கு வைத்த பெயர் "மைக்கேல் ஜாக்சன்." பையன்கள் மட்டுமில்லை, ஒரு டீச்சரும் சிரித்துக்கொண்டே ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டார். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அவன் பாட்டு வந்தால் சேனலை மாற்றுவேன். காசு கொடுத்துத் தோலை வெளுத்துக்கொண்டவன், அவனால்தான் எனக்கு இந்தப் பெயர் என்று நினைத்தேன். 1993ல் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் தனக்குத் தோல் நோய் இருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார், அதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்? சொன்னதைக் கேட்டவர்களே நம்பவில்லையே.

அவர் இறந்த அன்று நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். டிவி அறையில் பழைய முகமும் புது முகமும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். யாரோ சிரித்தார்கள், ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

அடுத்த வருஷம் பிரேதப் பரிசோதனை அறிக்கை வெளியே வந்தது. அதில் வெண்புள்ளி என்று தெளிவாக இருந்தது. உடம்பு முழுக்கப் பரவி, மிச்சம் இருக்கிற நிறம்தான் திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்கிற நிலை வந்தால், அந்த மிச்சத்தையும் வெளுக்க வைக்க ஒரு கிரீம் உண்டு, எங்கள் டாக்டரும் எனக்கு அதைப் பற்றிச் சொல்லியிருந்தார். அந்த வகைக் கிரீம் அவர் வீட்டிலும் இருந்ததாகப் படித்தபோது நெட் சென்டரில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் அந்த ஆளை நான் திட்டியது, என்னை மற்றவர்கள் திட்டிய அதே காரணத்துக்காக. அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர் பாட்டு ஒன்றை முழுசாகக் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பெரிதாகப் பிடித்துவிடவில்லை. எனக்கு இளையராஜா போதும்.

குழந்தைகள் விஷயத்தில் அவர் என்ன செய்தார், செய்யவில்லை, அது வேறு. அதற்கும் தோலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

---

அந்த "வேறு" பற்றி நான் எழுதுகிறேன், வேறு யாரும் எழுத மாட்டார்கள் போல.

ஜூலை 7ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டேப்பிள்ஸ் சென்டர் அரங்கில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தை நானும் என் சொந்த அண்ணனும் நேரலையில் பார்த்தோம். 17,500 டிக்கெட்டுக்கு 16 லட்சம் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னான், ஏதோ அவன் வீட்டுக் கல்யாணம் மாதிரி. மகள் பாரிஸ் மைக்கைப் பிடித்து அப்பாவைப் பற்றி இரண்டு வரி பேசி அழுதாளே, பதினொரு வயது, அப்போது நாங்களும் அழுதோம். அதே வாரம் பீட்டர் கிங் என்கிற அமெரிக்க எம்.பி. அவரைக் குழந்தைகளைக் கெடுத்தவன் என்று வீடியோவில் திட்டியதற்கு, செத்தவனைப் பற்றி இப்படியா பேசுவது என்று கொதித்ததும் நாங்கள்தான்.

2019ல் "லீவிங் நெவர்லாண்ட்" என்று அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது, சிறு வயதில் தங்களுக்கு நடந்ததாக இரண்டு பேர் மணிக்கணக்கில் பேசுவார்கள். அதற்குள் நான் குழந்தைகள் உதவி எண் 1098 தொடர்பான வேலைக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. குடும்பத்தினர் மறுக்கிறார்கள், தெரியும். கோர்ட் விடுவித்தது, அதுவும் தெரியும். ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவர் பேசுகிற விதம், பெரியவரைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாதே என்று வருஷக்கணக்கில் காத்த விதம், எனக்கு வேலையில் கேட்டுப் பழகிய குரல். அண்ணன் பாதியில் டிவியை அணைத்துவிட்டான். "உனக்கு எல்லாரும் அப்படித்தான் தெரிவாங்க" என்றான். எனக்கு மூன்வாக் சொல்லிக் கொடுத்தவன் அவன். இன்றைக்கும் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. என் போனில் அந்தப் பாட்டுகள் இருக்கின்றன, அழிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

---

படித்தேன். இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் வேறொன்று கேட்கிறேன். போஸ்டர் அடித்த தம்பி, கடைசியில் எந்தத் தேதி போட்டீர்கள்?

---

26. பிரஸ்காரர் கடனுக்கு அடித்துக் கொடுத்தார், அதனால் அவர் சொன்னதுதான் தேதி.