ஜியோலைட் மூட்டை: உரத்துக்கு வீடா, காசுக்குக் கேடா?

செம்பனைக்காரன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறேன். ஒருவர் ஜியோலைட் என்ற கல் மூட்டையோடு வந்து, இதைக் கலந்தால் யூரியா பாதி போதும் என்கிறார். கல்லைத் தின்றா மரம் குலை தள்ளும்?

கிராணி மகள்:
அண்ணே, கல்லுக்குள் அறை அறையாக இருக்கிறது, பழைய லயத்து வீடு மாதிரி. சிலிக்கான் இருக்கவேண்டிய சில இடங்களில் அலுமினியம் இருப்பதால் அந்தக் கூட்டுக்கு எதிர்மின்னூட்டம். அதைச் சரிக்கட்ட சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் என்று எதையாவது உள்ளே வைத்திருக்கும். நம் மண்ணில் அதிகம் கிடக்கும் கயோலினைட் என்ற களிமண் கனிமத்துக்கு அந்தப் பிடிப்பு ரொம்பக் குறைவு.

செம்பனைக்காரன்:
யூரியாவுக்கு மின்னூட்டமே கிடையாதே. எதைப் பிடிக்கும்?

கிராணி மகள்:
யூரியாவைப் பிடிக்காது, சரி. மண்ணில் அது அம்மோனியமாக மாறியதும் பிடிக்கும். அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா கிட்டத்தட்ட 1 மைக்ரான், அதாவது 1000 நானோமீட்டர். கல்லின் வாசலோ 1 நானோமீட்டர்கூட இல்லை. உள்ளே எப்படி நுழையும்? மழையில் சுலபமாக ஓடுவது நைட்ரேட்தான்.

மீன்தொட்டி:
கல்லுக்குள் போனது திரும்பி வெளியேயும் வரும், ஜாக்கிரதை. அம்மோனியாவுக்காகத் தொட்டியில் இந்தக் கல்லைப் போட்டிருந்தேன். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்ததென்று இரண்டு கை உப்பையும் போட்டேன். சோடியம் உள்ளே, அம்மோனியம் வெளியே. காலையில் ஏழு மீன் மிதந்தன. நீங்கள் பொட்டாஷ் என்ற பொட்டாசிய உரம் வேறு போடுகிறீர்கள். கிளினோப்டிலோலைட் என்ற ஜியோலைட் வகைக்கு அம்மோனியத்தைவிடப் பொட்டாசியத்தின் மேல்தான் ஆசை.

கிராணி மகள்:
பொட்டாசியமும் மழையில் போகிற சரக்குதானே, தங்கினால் லாபம். ஆனால் பாதி யூரியா என்பதை நானும் நம்பவில்லை.

மோதிரக்கை:
ஒரு சந்தேகம். என் கெம்பை உப்புத் தண்ணீரில் போட்டால் சிவப்பு போய்விடுமா?

மீன்தொட்டி:
போகாது தம்பி. கெம்பில் நூற்றுக்கு ஒன்று வாக்கில் குரோமியம், அலுமினியத்தின் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அது வீட்டோடு மாப்பிள்ளை. ஜியோலைட்டில் இருப்பவர்கள் வாடகைக்காரர்கள்.

செம்பனைக்காரன்:
மூட்டையில் இருப்பது வெறும் மணல் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிராணி மகள்:
ஒரு கைப்பிடியை நன்றாக வறுத்து, மூடி ஆறவிட்டு, தண்ணீர் தெளியுங்கள். தண்ணீரை உறிஞ்சும்போது வெதுவெதுக்கும். மணல் சும்மா கிடக்கும். 1756இல் சுவீடன்காரர் குரோன்ஸ்டெட் இப்படியொரு கல்லைச் சூடாக்க, அது நீராவி விட்டுப் பொங்கியது. கொதிக்கும் கல் என்ற பொருளில் பெயர் வைத்தார்.

செம்பனைக்காரன்:
வறுத்துப் பார்த்தேன், வெதுவெதுக்கிறது. ஒரு வரிசைக்கு மட்டும் போடுகிறேன், யூரியாவைக் குறைக்கமாட்டேன். வீட்டில் சட்டியைக் கேட்டுச் சண்டை, அப்புறம் வருகிறேன்.