வெயிலொளி நிகரி: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

சூரிய மின்தகடுகளை அறைக்குள் வைத்துச் சோதிக்க உதவும் செயற்கை ஒளிமூலத்தை ஆலைகளில் 'சன் சிமுலேட்டர்' என்பார்கள். அதற்கு 'வெயிலொளி நிகரி' என்னும் பெயரை முன்வைக்கிறேன்.

ஒரு தகட்டின் பின்புறச் சீட்டில் அச்சாகும் வாட் அளவு மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, மின்கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ், உச்சியிலிருந்து ஏறத்தாழ 48 பாகை சாய்ந்த சூரியனின் ஒளி வளிமண்டலத்தைக் கடந்து வரும்போது கொண்டிருக்கும் நிறமாலை. திறந்தவெளியில் இம்மூன்றும் ஒன்றுகூடுவது அரிது. அவ்வளவு ஒளி விழும் நேரத்தில் தகடு 50, 60 பாகைக்குச் சூடேறிவிடும், சிலிக்கான் மின்கலமோ ஒவ்வொரு பாகைக்கும் தன் திறனில் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை இழக்கும். ஆகவேதான் ஆலையில் தகட்டை இருட்டுப் பெட்டிக்குள் செலுத்தி, செனான் விளக்கைச் சில மில்லிநொடிகள் முதல் சில பத்து மில்லிநொடிகள் வரை மட்டுமே மின்னச் செய்து, தகடு சூடாவதற்கு முன்பே அதன் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் முழு வீச்சில் அளந்துவிடுகிறார்கள்.

'செயற்கைச் சூரியன்' என்பது வேண்டாம்; அணுக்கருப் பிணைவு உலைகளுக்குச் செய்தித்தாள்கள் அப்பெயரை ஏற்கெனவே வழங்கிவிட்டன. 'பாவிப்பி' என்றால், பாவித்தல் என்பதைப் பயன்படுத்துதல் என்ற பொருளில் அன்றாடம் ஆளும் இலங்கை வாசகர் பயனர் என்றே கொள்ளக்கூடும். 'போலி' என்பது ஏமாற்றைச் சுட்டுவதோடு, கருவியின் இயல்புக்கே மாறானதும் ஆகும். ஐஇசி 60904-9 என்னும் பன்னாட்டுத் தரம், நிறமாலை எவ்வளவு பொருந்துகிறது, தகட்டின் பரப்பெங்கும் ஒளி எவ்வளவு சீராக விழுகிறது, நேரப்போக்கில் எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று பார்த்தே இக்கருவிகளை ஏ+, ஏ, பி, சி என வகுக்கிறது. ஏ வகை பெறவேண்டுமானால், நிறமாலையின் ஒவ்வொரு பட்டையிலும் ஒளியின் பங்கு இயல்பான பங்கின் 0.75 மடங்குக்கும் 1.25 மடங்குக்கும் இடையில் இருக்கவேண்டும். பரப்புச் சீரின்மை 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. செனான் விளக்கு 800 முதல் 1000 நானோமீட்டர் வரையில் கூரிய முகடுகளைக் காட்டுவதால் அவற்றை வடிகட்டி அடக்கவேண்டியிருக்கிறது, எல்.இ.டி. கருவிகளில் பல நிறங்களைக் கலந்து நிறமாலையை அமைக்கிறார்கள். இத்தனை உழைப்பும் நிகராவதற்கே என்பதால் 'நிகரி' என்கிறேன். 'மெய்நிகர்' வழியாக அவ்வேர் நமக்குப் பழகியும் விட்டது.

வெயில் என்றால் சூடும் சேர்ந்துதானே என்ற தடை எழலாம், அது நியாயமானதும்கூட. சூட்டை விலக்கி ஒளியை மட்டும் சுட்டவே 'வெயிலொளி' என விரித்தேன். 'சூரிய நிகரி' என்பதைவிட இது துல்லியமானது. கருவி ஈடுசெய்வது சூரியனை அன்று, வளிமண்டலம் வடிகட்டி நிலத்துக்கு அனுப்பும் ஒளியை.

கிளைச்சொற்களும் இடரின்றி அமைகின்றன. ஒருகணம் மின்னுவது துடிப்பு நிகரி, விடாமல் எரிவது தொடர் நிகரி. சில உயர்திறன் சிலிக்கான் மின்கலங்கள் மின்னேற்றத்தைத் தேக்கிவைப்பதால் அவற்றுக்குக் குறுந்துடிப்பு போதாது; அங்கே நெடுந்துடிப்பு நிகரி எனலாம்.

செயற்கைக்கோள்களின் தகடுகளைச் சோதிக்கும் கருவிக்கு மட்டும் இப்பெயர் பொருந்தாது. வளிமண்டலத்துக்கு வெளியே விழும், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1361 வாட் கொண்ட ஒளியை வெயில் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு 'விண்ணொளி நிகரி' என்று தனிப்பெயர் வைக்கலாமா என உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.