எரிவாயு ஃபர்னஸ் பற்றிக்கொண்டு சில நொடிகளில் அணைகிறது: இக்னைட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

வடதிசை:
வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டு பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்க இயற்கை எரிவாயுவில் இயங்கும் உயர்திறன் ஃபர்னஸ் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்களும் பக்கச் சுவர் வழியாக வெளியே செல்கின்றன. தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் சிறிய மோட்டார் சுழலும் ஓசை கேட்கிறது. பார்வைத் துளை வழியே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று ஒளிர்வதும், அதன்பின் பர்னர்களில் நீலச் சுடர் பரவுவதும் தெரிகின்றன. ஆனால் நான்கைந்து நொடிகளுக்குள் சுடர் அணைந்துவிடுகிறது. இதே முயற்சி சில தடவை நடந்த பிறகு ஃபர்னஸ் முற்றாக நின்று விளக்கு மட்டும் சிமிட்டுகிறது. நெடுநேரம் கழித்துத் தானாகவே மீண்டும் முயல்கிறது. பார்க்க வந்த பணியாளர், இக்னைட்டரையும் (வாயுவைப் பற்றவைக்கும் அந்த ஒளிரும் பாகம்) மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகையை எழுதித் தந்துவிட்டுப் போனார். எரிவாயு வாடை எதுவும் இல்லை, ஃபில்டரும் புதியது. பணம் கட்டுவதற்கு முன் அவர் சொல்வது சரிதானா என்று அறிய விரும்புகிறேன்.

செப்புக்கம்பி:
வணக்கம். நான் இத்தொழிலில் இருப்பவன். நீங்கள் பார்த்ததை வரிசை மாறாமல் எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. ஃபர்னஸ் எப்போதும் ஒரே வரிசையில்தான் இயங்கும்: முதலில் இன்டியூசர் மோட்டார் சுழன்று புகைவழியில் இழுவையை உண்டாக்கும், அந்த இழுவையை உணர்ந்து பிரஷர் சுவிட்ச் மூடும், பிறகு இக்னைட்டர் பழுக்கும், அது போதிய அளவு சூடேறியதும் 24 வோல்ட் பெற்று எரிவாயு வால்வு திறக்கும், சுடர் எழும். அடுத்த சில நொடிகளுக்குள் சுடர் இருப்பதை ஃபிளேம் சென்சர் உறுதிசெய்யாவிட்டால், எரியாத வாயு உள்ளே சேரக்கூடாது என்பதற்காகப் பலகை வால்வை மூடிவிடும்.

உங்கள் வீட்டில் சுடர் எழுகிறது. ஆகவே இக்னைட்டர் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது; அதை மாற்றச் சொல்வதற்கு இங்கே காரணம் இல்லை. அது உடைந்திருந்தால் ஆரஞ்சு ஒளியே வந்திராது. ஐயம் இருப்பின் மின்சாரத்தை நிறுத்தி மீட்டரில் அளந்து பார்க்கலாம்: சிலிக்கான் கார்பைடு வகை குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் 40 முதல் 90 ஓம் காட்டும், சிலிக்கான் நைட்ரைடு வகைக்கு அதனினும் குறைவான அளவுகள் உண்டு. விரலால் மட்டும் தொடக்கூடாது. தோலின் எண்ணெய் படிந்த இடத்தில் அது சீக்கிரம் விரிசல் விடும்.

நம் சந்தேகம் ஃபிளேம் சென்சரின் மீதுதான். பீங்கான் பிடியில் பொருத்தப்பட்டு, நேரே சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகக் கம்பி அது. பலகை அதற்கு மாறுதிசை மின்னழுத்தத்தைத் தருகிறது. சுடரில் அயனிகள் இருப்பதால் அதன் வழியே மின்சாரம் பாய்கிறது. கம்பியைவிடப் பர்னரின் பரப்பு பல மடங்கு பெரியது என்பதால் ஒரு திசையில் மட்டும் அதிகமாகப் பாய்ந்து, மைக்ரோஆம்பியர் அளவிலான நேர்மின்னோட்டமாகப் பலகைக்குத் திரும்புகிறது. கம்பியின் மீது வெள்ளையாகப் படலம் படிந்தால் இந்த மின்னோட்டம் குறைந்துவிடும். அந்தப் பணியாளரோ வேறொருவரோ வரும்போது, கம்பியை நுண்ணிய எஃகுப் பஞ்சால் மெல்லத் துடைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னும் பின்னும் மைக்ரோஆம்பியரை அளந்து உங்களிடம் காட்டவும் சொல்லுங்கள். அளந்து காட்டாமல் உதிரிப் பாகம் விற்பவரை நான் நம்புவதில்லை.

பனிமலர்:
எங்கள் வீட்டிலும் சென்ற குளிர்காலத்தில் ஃபர்னஸ் நின்றுபோனது. வெளிச்சுவரில் உள்ள குழாய் வாயைப் பனி மூடியிருந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதையும் பார்த்துவிடுவது நல்லது அல்லவா?

செப்புக்கம்பி:
பார்க்கத்தான் வேண்டும். ஆனால் குழாய் முழுதாக அடைபட்டிருந்தால் பிரஷர் சுவிட்ச் மூடாது, இக்னைட்டர் ஒளிரும் நிலைக்கே ஃபர்னஸ் வந்திராது. புகை குளிர்வதால் உண்டாகும் நீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டாலும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். காற்று வரும் குழாய் அரைகுறையாக அடைபட்டால் மட்டும் சுடர் ஆடி, சென்சர் கம்பியை விட்டு விலகிப் போவதுண்டு. அப்போது சுடர் நிலையாக நிற்காது என்பதைத் துளை வழியாகவே கண்டுகொள்ளலாம்.

வடதிசை:
இருவருக்கும் நன்றி. குழாய்கள் இரண்டிலும் பனி இல்லை, சுடரும் அசையாமல் நின்றது. கதவின் உட்புறம் ஒட்டியுள்ள அட்டவணையில், சிமிட்டும் எண்ணிக்கைக்கு நேரே பற்றவைப்பு தோல்வியடைந்து பூட்டிக்கொண்டதாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. வேறொரு சான்றிதழ் பெற்ற பணியாளரை வரவழைத்து அளக்கச் சொன்னேன். சென்சரில் 0.6 மைக்ரோஆம்பியர் இருந்தது. துடைத்த பிறகு 0.9 ஆனது. இரண்டு நாள் ஒழுங்காக எரிந்தது, இப்போது பழையபடி அணைகிறது. இனியாவது பலகையை மாற்றலாமா?

செப்புக்கம்பி:
இன்னும் வேண்டாம். மாதிரிக்கு மாதிரி வேறுபட்டாலும், நல்ல நிலையில் உள்ள ஃபர்னஸில் 2 மைக்ரோஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்கலாம். துடைத்த பிறகும் 0.9 என்றால், தடை கம்பியில் இல்லை, திரும்பும் வழியில் இருக்கிறது. சுடர் வழியே வரும் மின்சாரம் பர்னரில் இறங்கி, ஃபர்னஸின் உடல் வழியாக, கிரவுண்ட் கம்பியைப் பிடித்துத்தான் பலகையை அடைய வேண்டும். பர்னர் பெட்டியின் திருகுகளில் துரு இருக்கிறதா, பலகையின் கிரவுண்ட் கம்பி தளர்ந்திருக்கிறதா, சென்சரின் பீங்கானில் விரிசல் உண்டா, ஃபர்னஸுக்கு வரும் 120 வோல்ட் இணைப்பில் ஹாட்டும் (மின்னழுத்தம் உள்ள கம்பி) நியூட்ரலும் (மின்சாரம் திரும்பும் கம்பி) இடம் மாறியிருக்கின்றனவா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது, அண்மையில் மின்வேலை நடந்த வீடுகளில் அடிக்கடி காணப்படுவது. இவற்றை நீங்களே கழற்ற வேண்டாம். ஒன்ராறியோவில் எரிவாயுச் சாதனங்களைப் பழுதுபார்க்கச் சான்றிதழ் வேண்டும்.

வடதிசை:
இன்று அவர் வந்து பார்த்தார். கிரவுண்ட் கம்பியைப் பிடித்திருந்த திருகு முழுவதும் துருவேறியிருந்தது. மேலே காற்றுக் குழாயில் பொருத்திய ஈரப்பதனி கசிந்து, நீர் ஃபர்னஸின் உட்பக்கமாக வடிந்து வந்திருக்கிறது. துருவைச் சுரண்டிப் புதிய திருகு போட்டதும் 3.4 மைக்ரோஆம்பியர் காட்டியது. இக்னைட்டரும் பலகையும் பழையவையே. ஈரப்பதனிக்கு வரும் நீரை இப்போதைக்கு மூடிவைத்திருக்கிறோம்.

செப்புக்கம்பி:
நல்லது. நீர் வடிந்த பாதையில் பலகை இருந்திருந்தால், அதன் செருகிகளில் பச்சைத் துரு படிந்திருக்கிறதா என்று அடுத்த முறை பார்க்கச் சொல்லுங்கள். ஈரப்பதனியைச் சரிசெய்யாமல் நீரைத் திறக்க வேண்டாம்.