ஓஏஇ சோதனையில் தேறிய குறைமாதக் குழந்தைக்கு மறுபடியும் செவிப் பரிசோதனை வேண்டுமா?

கேள்வி (பட்டர்வொர்த், பினாங்கு):
எங்கள் மகன் 32ஆவது வாரத்தில் பிறந்து, 18 நாள்கள் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். கிருமித்தொற்று என்று 7 நாள்கள் ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஏற்றினார்கள். மஞ்சள் காமாலைக்கு விளக்கொளியிலும் வைத்தார்கள். வீடு திரும்பும்போது ஓஏஇ சோதனையில் இரு காதுகளும் தேறியதாக எழுதிக் கொடுத்தார்கள். இப்போது அவனுக்கு இரண்டரை மாதம். பாத்திரம் விழுந்தால் சில வேளை திடுக்கிடுகிறான், சில வேளை அசைவதே இல்லை. மாமியாரோ, வீணாகக் கவலைப்படுகிறாய் என்கிறார். மீண்டும் சோதிக்க வேண்டுமா?

பதில் 1 (கோலாலம்பூர், செவியியலாளர்):
வேண்டும், சகோதரி. ஓஏஇ என்பது உட்செவியின் மயிரணுக்கள் எழுப்பும் மெல்லிய எதிரொலியை மட்டுமே அளக்கிறது. ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சேர்கிறதா என்பதை அது காட்டாது. பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறலோ, இரத்தமாற்றம் செய்யுமளவு ஏறிய காமாலையோ மயிரணுக்களை விட்டுவிட்டு நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், 5 நாள்களுக்கு மேல் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கு ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் எதிர்வினையைப் பதிவுசெய்யும் ஏஏபிஆர் சோதனையே பரிந்துரைக்கப்படுகிறது. செவிக்குறைக்கான அபாயக் காரணிகளின் பட்டியலில் வெறும் விளக்கொளிச் சிகிச்சை இல்லை. ஆனால் 5 நாள்களைத் தாண்டிய ஜென்டாமைசின் இருக்கிறது. ஆகவே ஏஏபிஆரில் தேறினாலும் 9 மாதத்துக்குள் முழுமையான பரிசோதனை ஒன்று தேவை.

பாத்திர ஓசையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குறைமாதக் கணக்கைக் கழித்தால் அவனுக்கு இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேலும், ஒரு காதில் மட்டும் குறையுள்ள குழந்தையும் அந்த ஓசைக்குத் திடுக்கிடும்.

பதில் 2 (ஆயர் ஈத்தாம், பினாங்கு):
என் மகளும் பிறந்தபோது தேறியவள்தான். கருவிலேயே, செவித்திறனைப் பாதிக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸ் தொற்று இருந்தது பின்னர்தான் தெரிந்தது. பிறந்த 21 நாள்களுக்குள் எச்சிலையோ சிறுநீரையோ சோதித்தால்தான் அது கருவில் வந்தது என்று உறுதியாகும், எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவளுக்குச் செவித்திறன் பின்னாளில்தான் குறைந்தது. உங்கள் குடும்பத்தில் சிறுவயதிலேயே காது கேளாமற்போனவர் எவரேனும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாமியார் பக்கமும் கேளுங்கள், அவருக்குப் பிடிக்காவிட்டாலும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மூன்றாம் மாதத் தடுப்பூசிக்குக் கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார நிலையம்) செல்லும்போது கேட்கவா?

பதில் 1:
கேளுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். குறை இருந்தால் 3 மாதத்துக்குள் கண்டறிந்து, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்குவதே இலக்கு. மருத்துவமனையின் வெளியேற்றக் குறிப்பை எடுத்துச் செல்லுங்கள். சோதனையன்று குழந்தையைப் பசியோடு கொண்டுபோய் அங்கே பாலூட்டினால் நன்றாகத் தூங்குவான். தூங்கும் குழந்தையிடம்தான் ஏஏபிஆர் தெளிவாகப் பதிவாகும்.