அக்காவுக்கு ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய், இரண்டு வாரத்தில் ஆபரேஷன்: ட்ரெயின் (காயத்து நீரை வடிக்கும் டியூப்), கைப்பயிற்சி பற்றிச் சொல்லுங்கள்

வெண்பனி:
வணக்கம். அக்காவுக்கு வயது 46. இடது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. ரிப்போர்ட்டில் 1.6 செ.மீ., கிரேடு 2, ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 என்ற புரதம் 2+ என்று இருக்கிறது. ஸ்கேனில் அக்குளில் எதுவும் தெரியவில்லை. கட்டியை மட்டும் எடுக்கலாம், மார்பகம் முழுவதையும் எடுக்கலாம், இரண்டுமே சரிதான் என்கிறார் சர்ஜன். "மொத்தமாக எடுத்துவிட்டால் நிம்மதி" என்கிறாள் அக்கா. இரண்டு வாரம் காத்திருப்பதற்குள் பரவிவிடுமோ என்ற பயம் வேறு.

வீட்டில் பார்த்துக்கொள்ளப் போவது நான்தான். டியூபோடு அனுப்புவார்களாம். அதை எப்படிப் பராமரிப்பது, கையை எப்போது அசைக்கலாம், எதைக் கண்டால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்?

நெய்தல்:
இந்த அளவுக்குக் கட்டி வளரவே பொதுவாகப் பல மாதங்கள், பலருக்கு வருடங்கள் பிடித்திருக்கும். இரண்டு வாரத்தில் நிலைமை கைமீறிவிடாது. அந்த நாட்களில் ரிப்போர்ட்டை முழுமையாக்கப் பாருங்கள்.

முதல் வேலை, ஹெர்2. 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்பது எந்தப் பக்கமும் சாயாத நிலை. ஃபிஷ் என்ற சோதனையைச் செய்த பிறகுதான் முடிவு தெரியும். பாசிட்டிவ் என்று வந்தால் கீமோவும், ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தும் பேச்சுக்கு வரும். சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே மருந்தைத் தொடங்குவார்கள். அதனால் ஃபிஷ்ஷுக்கு அனுப்பியாயிற்றா என்று நாளைக்கே கேளுங்கள்.

அடுத்து, 50 வயதுக்குள் வந்திருப்பதால், பரம்பரையாக மார்பகப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு இருக்கிறதா என்ற சோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள். அந்தக் கோளாறு இருந்தால் எந்த ஆபரேஷன் என்ற யோசனையே மாறலாம். முடிந்தவரை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

"மொத்தமாக எடுத்தால் நிம்மதி" என்பதைப் பற்றி. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்டோ வெரோனேசியும் 1970களில் தொடங்கிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் மார்பகம் முழுவதையும் எடுத்தவர்களும் உயிர்வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. அதே மார்பில் மறுபடி வரும் வாய்ப்பு மட்டும் முதல் வழியில் சற்றுக் கூடுதல். முழுவதும் எடுக்க அக்கா விரும்பினால் அதில் தவறே இல்லை, ஆனால் ஆயுள் கூடும் என்று நம்பி அந்த முடிவுக்குப் போக வேண்டாம்.

கட்டியை மட்டும் எடுத்தால் அநேகமாகக் கதிர்வீச்சு உண்டு. இப்போது பல இடங்களில் 15 தடவை, மூன்று வாரம். சிலருக்கு 5 தடவையிலேயே முடிக்கிறார்கள். வெட்டிய விளிம்பில் புற்றுச் செல் இருந்தால் இன்னொரு சிறிய ஆபரேஷன் தேவைப்படலாம். இதை இப்போதே அக்காவிடம் சொல்லி வையுங்கள், பிறகு திடீரென்று கேட்டால் உடைந்துபோவார்.

கைவிளக்கு:
கட்டியை மட்டும் எடுத்து, அக்குளில் சென்டினல் நெறிக்கட்டிகளை, அதாவது மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் ட்ரெயினே இருக்காது. முழு மார்பகத்தையோ அக்குள் நெறிகள் எல்லாவற்றையுமோ எடுத்தால் ஒன்று அல்லது இரண்டு ட்ரெயின் இருக்கும்.

தோலுக்கு அடியிலிருந்து வரும் டியூப், அதன் முனையில் மூடி வைத்த மெத்தென்ற பல்ப், அவ்வளவுதான் கருவி. அமுங்கிய பல்ப் மறுபடி விரியப் பார்க்கும்போது உள்ளே இருக்கும் நீரை இழுக்கும். காலை, மாலை இரு வேளையும் காலி செய்யுங்கள். இடையில் பாதி நிரம்பினாலும் காலி செய்யுங்கள்.

கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஒரு கையால் டியூபைத் தோலுக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் தையல் இழுபட்டு வலிக்கும். மறு கையின் இரு விரலால் டியூபை அழுத்தியபடி பல்ப் வரை வழித்து வாருங்கள். விரல் வழுக்கிப் போகாமல் சிக்கினால் ஆல்கஹால் பஞ்சு உதவும். நூல் நூலாகக் கட்டிய ரத்தம் உள்ளே நகர்வது கண்ணுக்கே தெரியும். இரண்டு மூன்று முறை செய்தபின் மூடியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக்கூடாது.

எல்லாரும் தவறுவது அடுத்த படியில்தான். மூடி திறந்திருக்கும்போதே பல்பை நன்றாக நசுக்கி, நசுக்கிய கையை விடாமல் மூடியைப் போடுங்கள். மூடிவிட்டு நசுக்கினால் இழுவிசையே இருக்காது, நீர் டியூபின் ஓரமாகக் கசிந்து கட்டை நனைத்துவிடும். முடிந்ததும் நேரம், மில்லி, நிறம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு ட்ரெயின் இருந்தால் தனித்தனியாக. பல்பைத் தொங்கவிடாமல், காயத்துக்குக் கீழே வருமாறு உடையில் ஊக்கு குத்தி மாட்டுங்கள்.

முதல் நாள் 100 மில்லிக்கு மேல்கூட வரலாம். சிவப்பு ரோஸாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் குறைவாக, தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். 20 மில்லி என்று வைத்திருக்கும் சர்ஜன்களும் உண்டு. நேற்று 60 வந்தது இன்று சுழியம் என்றால் சந்தோஷப்பட வேண்டாம், பெரும்பாலும் அடைப்புதான். வழித்துப் பார்த்தும் வராமல் மார்பு உப்பினால் கூப்பிடுங்கள்.

பளிச்சென்ற ரத்தம் ஓரிரு மணி நேரத்தில் பல்பை நிரப்பினாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் போனாலோ, காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ், நாற்றம் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். டியூப் கழன்று வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான காஸ் வைத்து மூடிவிட்டுப் போன் செய்யுங்கள்.

ட்ரெயின் எடுத்த பிறகு அந்த இடத்தில் நீர் கோத்துத் தளதளவென்று இருப்பது சகஜம். கொஞ்சமானால் தானே வற்றிவிடும், அதிகமானால் ஊசியால் எடுப்பார்கள்.

வெண்பனி:
ரொம்ப நன்றி. ஃபிஷ் பற்றி எங்களிடம் யாருமே சொல்லவில்லை, கேட்டுவிடுகிறேன். இன்னொன்று: அந்தப் பக்கக் கையில் இனி ஊசி, பிபி எதுவும் கூடாது, எடையே தூக்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

தோள்பலம்:
பாதி உண்மை. அக்குளில் நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களில் சுமார் 5-இல் ஒருவருக்கும், சென்டினல் மட்டும் எடுத்தவர்களில் சுமார் 20-இல் ஒருவருக்கும் கைவீக்கம் வருகிறது. மறு கை இருக்கும்போது அதில் ஊசி போடச் சொல்லுங்கள். அவசரத்தில் இந்தக் கையில் போட்டுவிட்டார்கள் என்று இரவெல்லாம் அழ வேண்டியதில்லை. எடையைப் படிப்படியாகக் கூட்டித் தூக்கினால் வீக்கம் அதிகமாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உண்மையில் பயப்பட வேண்டியது கிருமித்தொற்றுக்கு. அந்தக் கையில் வெட்டு, சூடு, பூச்சிக்கடி பட்டால் உடனே கழுவுங்கள். சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கைகளின் சுற்றளவையும் எடுத்து வையுங்கள். மணிக்கட்டில் தொடங்கி 10 செ.மீ.க்கு ஒரு அளவு போதும். பின்னால் எந்த இடத்திலாவது 2 செ.மீ. கூடியிருந்தால் காட்டுங்கள். முன்னளவு இல்லாமல் வருபவர்களுக்கு வீக்கமா, இயல்பான வித்தியாசமா என்று சொல்வது கஷ்டம்.

பயிற்சி மறுநாளே, சர்ஜன் சரி என்றதும். விரலை மூடித் திறப்பது, முழங்கையை மடக்குவது, தோளைச் சுழற்றுவது, ஒவ்வொன்றும் 5 முதல் 10 தடவை, தினம் மூன்று வேளை. ட்ரெயின் இருக்கும்வரை கை தோள் மட்டத்துக்கு மேல் போக வேண்டாம். எடுத்த பிறகு சுவரில் விரலால் ஏறுவது. எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இழுக்கிற மாதிரி இருக்கலாம், சுருக்கென்று குத்தக்கூடாது. கதிர்வீச்சின்போது கையைத் தலைக்கு மேலே வைத்துப் படுக்க வேண்டியிருக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்று விஷயங்கள் பலரைப் பதற வைக்கும். கையைத் தூக்கும்போது அக்குளில் நரம்பு போலக் கயிறு புடைத்து, சிலருக்கு முழங்கை வரை இழுக்கும். ஆபத்தில்லை, பயிற்சியில் தளரும். மேல்கையின் உட்புறம் மரத்துப்போகும், அக்குளைக் கடந்து போகும் தொடு நரம்பு பாதிக்கப்படுவதால். சென்டினல் நெறிகளைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் செலுத்தியிருந்தால் ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும்.

நெய்தல்:
மனசைப் பற்றி ஒன்று. கட்டைப் பிரித்து முதல்முறை பார்ப்பதை அக்கா விருப்பத்துக்கு விடுங்கள். நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது, உட்கார்ந்தபடி பார்க்கட்டும், சிலருக்குத் தலைசுற்றும். "கவலைப்படாதே" என்று சொல்வதைவிட "பேசலாமா, சும்மா உட்காரலாமா?" என்று கேளுங்கள். தூக்கமும் பசியும் ஆர்வமும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து இல்லையென்றால் கேன்சர் டாக்டரிடமே சொல்லுங்கள். ஈஆர் பாசிட்டிவ் என்பதால் டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை தர வாய்ப்பு உண்டு. மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதுபவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டும் டாமாக்சிஃபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

வெண்பனி:
கடைசியாக ஒன்று. பல்பை நசுக்கி மூடிய கொஞ்ச நேரத்திலேயே காலியாகவே உப்பிக்கொண்டால்?

கைவிளக்கு:
காற்று நுழைகிறது. மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா, டியூபும் பல்பும் சேரும் இடம் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் தோலருகே பாருங்கள். டியூபின் உள்முனையில் சிறு ஓட்டைகள் இருக்கும். அதில் ஒன்று வெளியே தெரிந்தால் டியூப் நகர்ந்துவிட்டது என்று பொருள். பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.