சேலம் – சென்னை விமானம்: 265 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

அஸ்தம்பட்டி: சேலம்–சென்னை வான்வழித் தூரம் ஒரு தளத்துல 265 கி.மீ., இன்னொண்ணுல 279. எது சரி? ஏடிஆர் (இந்த வழியில பறக்கிற புரொப்பல்லர் விமானம்) மணிக்கு 500 கி.மீ. வேகத்துல போகும்னா அரை மணியில இறங்கணுமே, டிக்கெட்ல ஒரு மணிக்கு மேல போட்டிருக்கு. எதிர்க்காத்தா?

ஓமலூரான்: ரெண்டும் சரிதாங்க, அளந்த இடம்தான் வேற. 279 ஊர் மையத்துக்கு ஊர் மையம். நம்ம விமான நிலையம் இருக்கிறது காமலாபுரத்துல, அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு அளந்தா 265.

நீங்களே போட்டுப் பாக்கலாம். காமலாபுரம் 11.78 வடக்கு, 78.06 கிழக்கு. மீனம்பாக்கம் 12.99, 80.17. அட்சரேகை வித்தியாசம் 1.21 பாகை, பாகைக்கு 111 கி.மீ. வீதம் 134. தீர்க்கரேகை 2.11 பாகை, அது துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும், நம்ம பக்கம் பாகைக்கு 108.7 தான், ஆக 229. ரெண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தா 265. சுருக்கத்தை விட்டுட்டு 111-னே பெருக்கினா 270 வந்துடும். இன்னொரு குழப்பம்: 143 மைல்னு போட்டிருந்தா அது கடல் மைல், 1.852-ஆல பெருக்கணும்.

ஐந்துரோடு: நேரக் கணக்கு நான் சொல்றேன். டிக்கெட்ல இருக்கிறது பறக்கிற நேரம் இல்லை, பிளாக் டைம். சேலத்துல நின்ன இடத்தை விட்டு நகர்றதுலேர்ந்து சென்னையில நிறுத்துற வரைக்கும்.

நேர்கோட்டுலயும் போகாது. புறப்பாட்டு வளைவு, இறங்க வரிசை எல்லாம் சேர்த்து 160 கடல் மைல்னு வைங்க. 16,000 அடிக்கு ஏற 12, 13 நிமிஷம். மூக்கைத் தூக்கி ஏறும்போது வேகம் குறைவு, அதுக்குள்ள 43 கடல் மைல்தான் தாண்டும். மட்டமா பறக்கிறது 67 மைல், 270 நாட்ல (மணிக்கு 270 கடல் மைல்) 15 நிமிஷம். இறக்கத்துக்கு 50 மைல், 14 நிமிஷம். முழு வேகத்துல போறது அந்த நடுவுல உள்ள கால் மணி மட்டும்தான்! மொத்தம் 42. தரையில உருள்றது ரெண்டு பக்கமும் சேர்த்து 13. அப்புறம் சென்னையில வரிசை நீண்டா சமாளிக்க நிறுவனம் கூட்டி வைக்கிற 5–10 நிமிஷம்.

காத்து மேல பழி போடாதீங்க. 30 நாட் எதிர்க்காத்துகூட இந்தத் தூரத்துக்கு ஐந்தாறு நிமிஷம்தான் தின்னும்.

அஸ்தம்பட்டி: அப்ப 50 நிமிஷம்னு காட்டுற தளங்க?

ஓமலூரான்: தூரத்தை 800-ஆல வகுத்து, ஏற இறங்க 30 நிமிஷம் கூட்டுறது. ஜெட்டுக்கான சூத்திரம், புரொப்பல்லர் விமானத்துக்கு எடுபடாது. சென்னையில தனி டிக்கெட்ல அடுத்த விமானம் பிடிக்கிறதா இருந்தா டிக்கெட்ல இருக்கிற நேரத்தை மட்டும் எடுத்துக்கங்க. பெட்டியை வாங்கிட்டு வெளிய வந்து திரும்ப உள்ள போகணும், கவுண்ட்டரும் புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்னயே மூடிடலாம். மூணு மணி நேரத்துக்குக் குறையாம இடைவெளி விடுங்க.

ஐந்துரோடு: ஏற்காட்டுலேர்ந்து கிளம்புறவங்க மலைப்பாதையோட 20 கொண்டை ஊசி வளைவையும் கணக்குல சேத்துக்கங்க. அடிவாரம் வந்தப்புறமும் காமலாபுரம் இன்னும் தள்ளித்தான் இருக்கு.