இரண்டு ஓரத்திலும் ஆள் நிறுத்தி விரித்து விளையாடுவது நம் கல்லூரி உதைபந்தாட்ட அணிக்குச் சரிவருமா?

மவுசாகலை லெஃப்ட் பேக்:

கல்லூரியின் பெயரைப் போடவில்லை, பிள்ளைகள் படிக்கிற இடம். மலையகத்தில் மஸ்கெலியா பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே நான்கு வருடம் லெஃப்ட் பேக், அதாவது பின்வரிசையில் இடது ஓரத்துத் தடுப்பு, ஆடினேன். இப்போது ஹட்டனில் வேலை. ஆனாலும் அணி எங்கே விளையாடினாலும் போய் நின்றுவிடுவேன்.

இந்த வருடம் புதுக் கோச் வந்திருக்கிறார். வந்த முதல் வாரமே ஆட்டத்தை மாற்றிவிட்டார். இத்தனை நாளும் எங்கள் ஆட்டம் என்ன? பின்னாலிருந்து உயர அடி, நடுவில் நிற்கிற உயரமான பையன் தலையால் தட்டிவிடுவான், மற்றவர்கள் மொய்த்துக்கொண்டு ஓடுவார்கள். என் காலத்திலும் அதுதான், என் மாமா காலத்திலும் அதுதான். இப்போது பின்னால் நான்கு பேர், நடுவில் மூன்று, முன்னால் மூன்று. முன்னால் உள்ளவர்களில் இரண்டு பேர் வெள்ளைக் கோட்டை ஒட்டியே நிற்க வேண்டும். பந்து எதிர் ஓரத்தில் இருந்தாலும் உள்ளே வரக்கூடாது. கீப்பர்கூட உதைக்கக் கூடாதாம், பக்கத்து ஆளுக்கு உருட்டிவிட வேண்டுமாம்.

முதல் இரண்டு போட்டியிலும் தோற்றுவிட்டோம். 3-0, அப்புறம் 2-1. அந்த மூன்று கோலில் இரண்டு, கீப்பர் உருட்டிய பந்து சேற்றில் நின்றுபோய் வாங்கியவை. கரையில் நின்ற எங்கள் ஆட்கள் "மேலே அடிடா, மேலே அடிடா" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். காலில் பந்து இருந்த பையனுக்குப் பதினாறு வயதுதான் இருக்கும். அவன் பந்தைப் பார்க்காமல் எங்களைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். இந்த ஆட்டம் நம் மண்ணுக்குப் பொருந்துமா?

நாங்கள் ஏன் உயர அடித்துப் பழகினோம் என்று யோசித்தேன். தோட்டத்துக் கிரவுண்ட்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தது. எங்கள் டிவிஷன் கிரவுண்ட், மலையை வெட்டி எடுத்த ஒரு தட்டு. ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் தேயிலை, அதற்குக் கீழே தண்ணீர் ஓடுகிற கான். அடி வைத்து அளந்திருக்கிறேன், அகலம் 45 மீட்டர் தேறாது. பந்து ஓரத்துக்குப் போனால் தேயிலைக்குள் உருண்டுவிடும். இறங்கித் தேடி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டுதான் மேலே வர வேண்டும். ஆட்டமும் அத்தோடு பத்து நிமிடம் நிற்கும். அதனால் எங்களுக்கு ஓரம் என்றால் பந்து தொலைகிற இடம். சின்ன வயதிலிருந்தே ஓரத்தைத் தவிர்க்கத்தான் கால் பழகியிருக்கிறது.

அகலமான இடத்தில் நான் ஆடியது மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும் மாதங்களில் மட்டும். அணை கட்டியபோது, 1960களின் கடைசியில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெயில் காலத்தில் வெளியே தெரியுமே, அந்தக் கரைதான். புல் முளைத்த இடம் பார்த்து இருபது பேர் இறங்குவோம். திட்டும் இல்லை, கானும் இல்லை. அங்கே மட்டும் பந்தை எடுத்துக்கொண்டு இடது ஓரமாகவே கடைசி வரை ஓடியிருக்கிறேன். மழை வந்ததும் அந்த இடம் தண்ணீருக்குள் போய்விடும், நாங்களும் பழைய ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவோம்.

விதிப்படி மைதானத்தின் அகலம் 45 முதல் 90 மீட்டர் வரை இருக்கலாம். பிள்ளைகள் பயிற்சி எடுப்பது சின்னத் தட்டில், போட்டிக்குப் போவது பெரிய மைதானத்துக்கு. மழையும் பிடித்துக்கொண்டது. கோச்சுக்குக் காலம் கொடுக்க வேண்டுமா, பழையபடியே ஆடச் சொல்லிக் கேட்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நோர்வூட் ஒன்பதாம் நம்பர்:

தம்பி, நான் உங்களுக்கு முந்திய ஆள், சென்டர் ஃபோர்வர்ட். மனதில் பட்டதைச் சொல்கிறேன். கையில் இருக்கிற ஆளைப் பார்த்துத்தான் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1966இல் இங்கிலாந்து உலகக் கிண்ணம் எடுத்தது எப்படி? அவர்களுடைய கோச் அல்ஃப் ராம்சி முதல் மூன்று போட்டியிலும், ஓரத்தில் ஆடுகிற ஒவ்வொரு விங்கரைப் போட்டுப் பார்த்தார். கால் இறுதியிலிருந்து விங்கரே இல்லை. கிண்ணம் வந்தது.

நம்மிடம் இப்போது இருக்கிற உயரமான பையனைப் போல ஒருவன் கிடைக்கப் பல வருடம் ஆகும். இரண்டாவது போட்டியை நானும் பார்த்தேன். முதல் பாதி முழுக்க அவன் தலைக்கு ஒரு பந்து வரவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறான். பார்க்கவே வயிறு எரிந்தது. அதுவும் இந்த மழையில், சேற்றில் பந்தை உருட்டச் சொல்வது பிள்ளைகளைத் தண்டிப்பது போலத்தான்.

ரைட் விங்கின் அக்கா:

அண்ணன்மாரே, நீங்கள் பேசுகிற அணியில் வலது ஓரத்தில் நிற்பவன் என் தம்பி. உதைபந்தாட்டம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

அவன் சின்ன உடம்பு. இரண்டு வருடம் அணியில் பெயர் இருந்தது, ஆனால் தண்ணீர்ப் போத்தல் தூக்கத்தான் போனான். தள்ளுமுள்ளில் நிற்க மாட்டான் என்று இறக்கவே இல்லை. புதுக் கோச் சேர் வந்த பிறகுதான் "நீ ஓடுகிறாய், ஓரத்தில் நில்" என்றாராம். பயிற்சி முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து, லயத்துக்கு வரும்போது இருட்டிவிடும். அம்மா மலையிலிருந்து வந்து வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே மேசையில் உப்புப் போத்தல், சீனிப் போத்தல் எல்லாம் அடுக்கி எனக்கு விளக்குவான்.

முதல் போட்டி முடிந்து வந்த அன்று, "சும்மாதானே நின்றாய்" என்று நானே கேட்டுவிட்டேன். அதற்கு அவன் சொன்னது: "அக்கா, நான் கோட்டில் நின்றால்தான் அவர்களுடைய பேக் என்னோடு வந்து நிற்கிறான். அவன் வந்தால்தான் நடுவில் வழி திறக்கிறது. நான் பந்தைத் தொடாவிட்டாலும் அது என் வேலைதான்." இரண்டாவது போட்டியில் நாம் போட்ட அந்த ஒரு கோல் அப்படித்தான் வந்தது. இவன் கோட்டில் நின்றான், பேக் வெளியே வந்தான், அந்த இடைவெளிக்குள் எட்டாம் நம்பர் ஓடி அடித்தான். கரையில் யாரும் இவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தயவுசெய்து கத்தாதீர்கள். கத்துவது எல்லாம் அவனுக்குக் கேட்கிறது, இரவில் சொல்கிறான்.

கொட்டகலை டு மிச்சிகன்:

நான் 2008இல் அமெரிக்காவுக்கு வந்தேன், மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிற ஆன் ஆர்பருக்கு. இங்கே ஃபுட்பால் என்றால் நீள்வட்டப் பந்தைக் கையில் வைத்து ஓடுகிற, எறிகிற ஆட்டம். ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் கொள்ளும் மைதானம். நான் வந்த வருடம்தான் ரிச் ரொட்ரிகஸ் என்ற கோச் வந்து, நீங்கள் சொல்கிற இதே வேலையைச் செய்தார். அதை இங்கே ஸ்ப்ரெட் என்பார்கள். நடுவில் குவிந்து முட்டுவதை விட்டு, பந்து வாங்குகிறவர்கள் நான்கைந்து பேரை இரண்டு ஓரத்துக்கும் பரப்பி விடுவது. தடுப்பவர்களும் பரவியாக வேண்டும். பந்து கையில் உள்ளவன் எதிரணியில் ஒரே ஒரு ஆளைக் கவனிப்பான். அந்த எதிராள் உள்ளே வந்தால், பந்து உள்ளவன் தானே வெளியே ஓடுவான், வெளியே நின்றால் பந்தை உள்ளே ஓடுகிறவனிடம் கொடுப்பான். அக்கா சொன்ன கதையும் இதுவும் ஒன்றுதான்.

முதல் வருடம் 3 வெற்றி, 9 தோல்வி. 33 வருடம் விடாமல் பருவக் கடைசிக் கிண்ணப் போட்டிகளுக்குப் போன அணி அந்த வருடம் போகவில்லை. ஊரே துக்க வீடு போல இருந்தது. பழைய ஆட்டத்துக்காகச் சேர்த்த பெரிய உடம்புக்காரர்களை வைத்துப் புது ஆட்டம் ஆடினார்கள். அடுத்த வருடம் 5-7. மூன்றாவது வருடம் 7-6. அந்த வருடம் டெனார்ட் ரொபின்சன் என்ற பையன், எறிகிற இடத்தில் ஆடுகிறவன், ஓடியே 1,702 யார், அதாவது கஜம், எடுத்தான். தாக்குதல் கண்ணுக்கு விருந்து. ஆனால் பின்வரிசை ஓட்டைப் பானை மாதிரி ஒழுகியது. 2011 ஜனவரியில் கோச்சை அனுப்பிவிட்டார்கள். தாக்குதல் பலிக்க மூன்று வருடம் ஆனது, பின்வரிசையை அதற்குள் யாரும் சரியாக்கவில்லை. உங்கள் கோச்சிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான்: பந்து பறிபோனால் பின்னால் யார் நிற்பது?

லெஃப்ட் பேக் அண்ணே, இன்னொன்று. இங்கே மைதானத்தின் அகலம் 53⅓ யார், அதாவது 49 மீட்டருக்கும் குறைவு. உங்கள் தோட்டத்துக் கிரவுண்டை விடக் கொஞ்சம்தான் கூட. அதற்குள்தான் இவ்வளவும் நடக்கிறது. ஆகவே சின்னத் தட்டிலும் பழகலாம்.

நோர்வூட் ஒன்பதாம் நம்பர்:

தங்கச்சி, உங்கள் தம்பியை நான் கவனிக்கவில்லை என்பது உண்மை. பந்து இருக்கிற பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் பேச்சில் ஒரு பாதியை விடமாட்டேன். மழையில் கீப்பர் உருட்டக் கூடாது. உயர அடிக்கட்டும், நடுவுக்கு அடிக்காமல் குறுக்கே ஓரத்துக்கு அடிக்கட்டும். ஓரத்திலிருந்து கிராஸ் வந்தால் தூரக் கம்பத்தில் அந்த உயரமான பையன் இருக்கிறான். விங்கர் இருப்பது அவனுக்கும் நல்லதுதானே. வாழ்நாள் முழுக்க நான் ஏங்கியது அந்தப் பந்துக்குத்தான்.

மவுசாகலை லெஃப்ட் பேக்:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை பயிற்சிக்குப் போய்க் கோச்சிடம் பேசினேன். ஒன்பதாம் நம்பர் அண்ணன் சொன்ன குறுக்கு அடியை அவரும் யோசித்து வைத்திருந்தார். தரை ஈரமாக இருந்தால் கீப்பர் உருட்ட மாட்டான் என்றார். பின்வரிசையைப் பற்றிக் கேட்டேன், இரண்டு ஃபுல் பேக்கும் ஒரே நேரத்தில் மேலே ஏறக்கூடாது என்று பழக்குகிறாராம். கானுக்கு மேலே பழைய மீன்வலை கட்டியிருந்தார்கள், பந்து தேயிலைக்குள் போகாமல். பத்தொன்பது வருடம் இதைக் கட்ட எங்களுக்குத் தோன்றவில்லை. பையன்கள் பயமில்லாமல் ஓரத்தில் ஓடுகிறார்கள்.

தங்கச்சி, அடுத்த போட்டியில் உங்கள் தம்பியின் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். கத்த மாட்டேன்.

கோச் கேட்டது ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாளாவது பெரிய மைதானத்தில் பழக வேண்டும். மைதானத்துக்கு நான் பேசிக்கொள்கிறேன். வேன் வைத்திருப்பவர்கள் யாராவது எண்ணெய்ச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு வருவீர்களா? பதினெட்டுப் பிள்ளைகள், சனிக்கிழமை காலை ஆறரைக்கு, மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால்.